ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடலாமா?

சேரன்மாதேவி மகன்:
சேரன்மாதேவி பக்கம் எங்கள் பூர்வீக வீடு. மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மேலே சீமை ஓடு (மங்களூர் ஓடு). 2023 டிசம்பர் 17, 18 மழையில் பட்டாசல் (வீட்டின் கூடம்), அடுப்படி எல்லாம் ஒழுகி, அம்மா இரண்டு ராத்திரி தார்சாவில் (முன் வராந்தாவில்) கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரத்தில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. மயில் வந்து இறங்கி ஓட்டை வேறு நகர்த்துகிறது. மொத்தமாகப் பிரித்துவிட்டு கலர் ஷீட் (வண்ணம் பூசிய இரும்புத் தகடு) போட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர் வெல்டர்:
தாராளமாகப் போடுங்கள் அண்ணாச்சி. எனக்கு இதுதான் தொழில். முகட்டிலிருந்து இறவாணம் (கூரையின் கீழ் விளிம்பு) வரை ஒரே நீளமாக வெட்டி வாங்கினால் குறுக்கே இணைப்பே வராது, அப்புறம் எங்கே ஒழுகும்? மரம் இல்லை, அதனால் கரையானும் இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள். 0.50 எம்எம் என்று கடையில் சொல்வது பூச்சையும் சேர்த்தா, வெறும் தகடு மட்டுமா என்று. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அலுமினியம் 55 சதவீதமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள தகடாகப் பாருங்கள். வெறும் துத்தநாகப் பூச்சைவிட நெடுநாள் துரு தாங்கும்.

பாளை டீச்சர்:
ஒழுகாது, சரி. வெயிலுக்கு என்ன செய்வது? பாளையங்கோட்டையில் நாலு வருஷம் மாடியில் ஷீட் போட்ட வாடகை வீட்டில் இருந்தேன். மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால் வெயிலில் கிடக்கும் தகடு 60-ஐத் தாண்டும். அந்தச் சூடு நேராகத் தலையில் இறங்கும். ஃபேன் போட்டால் அனலைத்தான் வாரி இறைக்கும். தம்பி, நீங்கள் வெளியூரில் வேலையில் இருக்கிறீர்கள் போல. மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் இருக்கப்போவது உங்கள் அம்மா. முதலில் அவர்களைக் கேட்டீர்களா?

வள்ளியூர் வெல்டர்:
அக்கா சொல்வது அடியில் ஒன்றுமே கொடுக்காத வெறும் ஷீட். அதை நானும் வீட்டுக்குப் போடச் சொல்ல மாட்டேன். வெள்ளை நிறத்தில் எடுத்து, கீழே அலுமினிய ஃபாயில் விரித்து, நடுவே காற்று ஓட இடைவெளி விட்டு, முகட்டில் சூடு வெளியேற வழி வைத்தால் கதையே வேறு. இன்னொன்று, காங்கிரீட் தட்டட்டி (மொட்டை மாடித் தளம்) பகல் வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். தகடு பொழுது அடைந்ததும் ஆறிவிடும்.

பாளை டீச்சர்:
ராத்திரி ஆறிவிடும் என்பது உண்மைதான். அதற்காக மதியம் முழுக்க ஒரு வயதானவர் வெந்துகொண்டிருக்க முடியாது. ஃபாயில் போட்டாலும் பளபளப்புப் பக்கம் மேலே பார்த்திருந்தால் இரண்டு வருஷத்தில் தூசி படிந்து வேலை செய்யாது. கீழே பார்க்க விரித்தார்களா என்று யார் ஏறிப் பார்ப்பது? அப்புறம் சத்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

உவரிக்காரன்:
கடற்கரை ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் போட்டுவிட வேண்டாம். எங்கள் பக்கம் துரு முதலில் பிடிப்பது மேலே அல்ல, இறவாணத்துக்கு அடியில். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும், அடியில் படிவது அப்படியே தங்கும். கடலுக்கு இத்தனை தூரத்துக்குள் இருந்தால் வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகளின் தாளிலேயே இருக்கும்.

வள்ளியூர் வெல்டர்:
உண்மை. கடலோரம் என்றால் முழு அலுமினிய ஷீட்டைத்தான் யோசிக்க வேண்டும். சேரன்மாதேவிக்கு அந்தப் பயம் இல்லை.

அம்பை மரவேலை:
எல்லோரும் கூரையையே பேசுகிறீர்கள். எனக்கு அந்தச் சுவரை நினைத்துத்தான் கவலை. சீமை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ, ஷீட் 5 கிலோகூட வராது. கனம் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இத்தனை வருஷம் அந்தக் கூரையைக் காற்றில் உட்கார வைத்ததே ஓட்டின் கனம்தான். பலமான காற்று கூரைக்கு மேலே ஓடும்போது அதை மேல்நோக்கி இழுக்கும். உங்கள் வீட்டில் முன்னால் திறந்த தார்சா வேறு இருக்கிறது, அதன் வழியாக உள்ளே புகும் காற்று கீழிருந்தும் தூக்கும். ஓட்டில் காற்று புக இடுக்கு உண்டு, போனாலும் பத்து ஓடுதான் போகும். ஷீட் போனால் அதைப் பொருத்திய இரும்பு பைப்போடு சேர்ந்து போகும். அதைத் தாங்க இரும்புச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்க வேண்டும். மண் சாந்துச் சுவரில் போல்ட் என்ன பிடிக்கும்? அதன் தலையில் சுற்றிலும் கம்பி கட்டி காங்கிரீட் பெல்ட் போட்ட பிறகுதான் ஷீட்டைப் பற்றியே பேச வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு கைமரம் மாற்றி, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் புதிதாக அடித்து, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றி அடுக்குவது அதைவிடக் குறைவாகத்தான் முடியும்.

வள்ளியூர் வெல்டர்:
பெல்ட் இல்லாமல் போடக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் பணகுடி, காவல்கிணறு எல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, ஆனி ஆடியில் என்ன வேகம் என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். பெல்ட்டில் பதித்த போல்ட் இல்லாத வேலையை நான் எடுப்பதே இல்லை. ஆனால் ஓட்டைத் திரும்ப அடுக்கினால் மயில் திரும்ப வராதா? வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் எங்கே கிடைக்கிறது? அதையும் சொல்லுங்கள்.

அம்பை மரவேலை:
ஆள் கிடைப்பது சிரமம்தான், மறுக்கவில்லை.

சேரன்மாதேவி மகன்:
அம்மாவிடம் நேற்று ராத்திரி பேசினேன். பட்டாசலில் ஓடே இருக்கட்டும், மதியம் அங்கேதான் படுப்பேன் என்கிறார்கள். புறவாசல் அடுப்படிக்கு ஷீட் போட்டால் சரி என்றார்கள். அந்தப் பக்கம் சுவர் பிற்பாடு கட்டியது, சிமெண்ட் சாந்து. அம்பை அண்ணாச்சி, கைமரம் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். வீடு இடிக்கும் இடத்தில் நல்ல பழைய சீமை ஓடு இருந்தால் யாராவது சொல்லுங்கள், ஒரு 200 வேண்டும்.

வள்ளியூர் வெல்டர்:
அடுப்படி மட்டும் என்றாலும் இரண்டு விஷயம் அண்ணாச்சி. ஷீட்டைக் கூரை மேலேயே வைத்து கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். தெறிக்கிற பொறி பூச்சில் ஒட்டி, அங்கிருந்துதான் துரு தொடங்கும். சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் சிமெண்ட் வைத்து அடைக்கவும் கூடாது, அது பூச்சைத் தின்றுவிடும். மடித்த தகடு வைத்து மூடச் சொல்லுங்கள்.