கருவில் மதுபடுதல்: ஒரு சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை மாவட்ட வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களுக்காக நாம் தமிழாக்கிவரும் கையேட்டில் ‘பிரீநேட்டல் ஆல்கஹால் எக்ஸ்போஷர்’ (தாய் அருந்தும் மது, பிறப்புக்கு முன்பே கருவை எட்டுதல்) என்னும் தொடர் ஏறத்தாழப் பக்கந்தோறும் வருகிறது. இதற்கு இதுவரை முன்வைக்கப்பட்டவற்றுள் ‘கர்ப்பகால மது வெளிப்பாடு’, ‘கருக்கால மதுப் பாதிப்பு’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

‘வெளிப்பாடு’ உள்ளிருப்பது வெளியே தோன்றுவதைக் குறிப்பது. இங்கே நிகழ்வதோ அதற்கு நேர்மாறு. போதாக்குறைக்கு, அதே கையேட்டின் மரபியல் இயலில் ‘மரபணு வெளிப்பாடு’ என்பதை வேறு பொருளில் முன்பே எடுத்தாண்டுவிட்டோம்.

‘பாதிப்பு’ என்பதில் உள்ள சிக்கல் இன்னும் ஆழமானது. தாயின் குருதியில் கலந்த மது நஞ்சுக்கொடி வழியே கருவை அடைவது ஒரு நிகழ்வு. அதனால் பின்னாளில் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பது வேறு. அருந்திய அளவு, காலம், தாயின் ஊட்டநிலை முதலியவற்றைப் பொறுத்து விளைவு கடுமையாகவோ மிக நுட்பமாகவோ அமையலாம், புலப்படாமலும் போகலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1980-களின் அமெரிக்காவே சான்று. கொக்கேய்ன் பயன்படுத்திய தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் மீளவே முடியாதவர்கள் என்று செய்தித்தாள்கள் முத்திரை குத்தின. அக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், அஞ்சிய அளவுக்கு விளைவுகள் பெரியனவாக இல்லை. அதற்குள் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆகவே நான் முன்மொழிவது ‘கருக்கால மதுபடுதல்’. ‘வெயில் படாமல் வை’, ‘பனி படாமல் மூடு’ என்று நம் வீடுகளில் அன்றாடம் சொல்வதில் உள்ள ‘படு’தான் இது. தன்வினையாதலால் யார் செய்தது என்னும் குற்றச்சாட்டு சொல்லுக்குள் புகுவதில்லை. கருவுற்றதை அறியாமலே முதல் சில வாரங்களில் மது அருந்தியிருக்கக்கூடிய ஒரு தாயிடம் ஆசிரியர் பேசும்போது இது சிறிய வசதியன்று. ‘மதுபட்ட கரு’, ‘கருவில் மதுபட்ட வளரிளம் பருவத்தினர்’ என்று எச்சங்களும் இயல்பாக அமைகின்றன. ‘மதுப்படுகை’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வைகைப் படுகையில் வாழும் நாம் அதைத் தவிர்ப்பதே நல்லது. ‘கர்ப்பகாலம்’ தாயின் காலம், ‘கருக்காலம்’ கருவின் காலம் என்பதால் பின்னதையே கொள்கிறேன். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், மருந்து, போதைப்பொருள் இரண்டையும் குறிக்கும் ‘டிரக்’ என்னும் ஆங்கிலச் சொல் வருமிடங்களில் ‘மருந்துபடுதல்’, ‘போதைப்பொருள்படுதல்’ என்று பிரித்தெழுத வேண்டியிருக்கும்.

விளைவைக் குறிக்கத் தனிச்சொல் வேண்டும்; அதற்குக் ‘கருக்கால மதுக் கோளாறு’ போதும். 1968-இல் பிரான்சில் மருத்துவர் லெமுவானும், 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மருத்துவர்கள் ஜோன்சும் ஸ்மித்தும் இக்கோளாறை விவரித்தபோது சிறுத்த கண்திறப்பு போன்ற முக அடையாளங்கள் முன்னின்றன. முகம் உருவாவது தொடக்க வாரங்களில். மூளையோ கருக்காலம் முழுவதும் வளர்கிறது. ஆதலால் முகத்தில் எந்த அடையாளமும் இல்லாத பிள்ளைகளே மிகுதி, அவர்களே எளிதில் தவறவிடப்படுகிறார்கள். சியாட்டிலில் 1970-களின் நடுவில் பிறந்தவர்களை 14 வயதிலும் சோதித்தபோது, தாய் அருந்திய அளவுக்கேற்பக் கவனமும் நினைவும் குன்றியிருந்தன. நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) இயல்பான அளவில் இருக்கும் பிள்ளைகூட, படிப்படியாகச் செய்யவேண்டிய கணக்கிலும் காசையும் நேரத்தையும் கையாளுவதிலும் தடுமாறலாம். ஆறாம் வகுப்புக்குமேல் பாடங்கள் இத்திறன்களையே பெரிதும் கேட்பதால், மேலூரிலோ உசிலம்பட்டியிலோ உள்ள ஒரு பள்ளியில் அப்பிள்ளைக்குச் ‘சொன்ன பேச்சுக் கேளாதவன்’ என்ற பெயர்தான் கிடைக்கும்.

இங்கே குன்றுவது ‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்க்‌ஷன்’. ‘நிர்வாகச் செயல்பாடு’ என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. திட்டமிடுதல், உந்துதலை அடக்குதல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல் ஆகியவற்றைச் சேர்த்துச் ‘செயலாட்சித் திறன்’ என்போம்.

இக்கோளாறின் ஆங்கிலப் பெயரில், மென்மையானது முதல் கடுமையானது வரை பரந்திருப்பதைக் குறிக்கும் ‘ஸ்பெக்ட்ரம்’ குறித்துப் புதிதாக எதையும் தேடவேண்டாம் என்பது என் கருத்து. ஆட்டிசத்துக்கு ‘நிறமாலை’ வழக்கில் வந்துவிட்டது. அது அத்துணைப் பொருத்தமில்லை என்றாலும், ஒரே ஆசிரியர் இரு கையேடுகளில் இரு சொற்களைக் காண நேர்வதைவிட மேல். ‘மதுபடுதல்’ ஒரே சொல்லா, இடைவெளி விட்டு எழுதவேண்டியதா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தோர் கருத்துரைக்க வேண்டுகிறேன்.