பருத்திக் காடு 150 அடிப் பள்ளத்தாக்கு ஆகுமா?

குளச்சல்காரன்:
சித்தி மகன் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறான். பிராவிடன்ஸ் கேன்யன் என்ற இடத்துக்குப் போய்ப் படமாக அனுப்பித் தள்ளிவிட்டான். சுவர் முழுக்கச் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, ஊதா. ஆறு அறுத்ததில்லை, விவசாயத்தால் வந்தது என்கிறான். நம்பலாமா? முட்டத்தில் கடலுக்கு மேலே செம்மண் பிளந்து கிடக்கிறதே, அதுவும் இதுதானா?

விளைக்காரன்:
தம்பி சொன்னது சரிதான். 1800களின் தொடக்கத்தில் அங்கே காட்டை வெட்டிப் பருத்தி போட்டார்கள். மண் போகாமல் தடுக்க ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. 1850 வாக்கில் மூன்று முதல் ஐந்தடி ஓடைகள் விழுந்துவிட்டன. இப்போது சில இடங்களில் 150 அடி.

மேல்மண் போனது பெரிய விஷயமில்லை, அது எல்லா ஊரிலும் போகிறது. அங்கே அடியில் இருந்தது பழைய கடல் காலத்து இளக்கமான மணல். தண்ணீர் அதைத் தொட்டதும் சுவர் சுவராகச் சரிந்தது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு, ஊதா மாங்கனீசு, வெள்ளை கயோலின் களிமண். 1971இல் மாநிலப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். நாசம் பண்ணின இடத்துக்கும் டிக்கெட்!

முட்டம் வேறு. அது தேரி மணல், காற்று கொண்டுவந்து குவித்தது. இரும்பு துருவேறிச் சிவந்திருக்கிறது. மழை அறுக்கிற விதம் மட்டும் ஒன்றுதான்.

திற்பரப்பு மருமகன்:
அண்ணே, பயமுறுத்தாதீங்க. மாமா விளையில் பழைய ரப்பரை முறித்துவிட்டு ஜேசிபி விட்டிருக்கிறோம். மேலிருந்து கீழே நேராக ஒரு சால் கிடக்கிறது. இந்த இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) அது பள்ளமாகுமா?

விளைக்காரன்:
150 அடி போகாது மக்கா, உங்கள் பக்கம் அடியில் பாறை உண்டு. ஆனால் அந்தச் சால் தடத்தை மழைக்கு முன்னால் மூடு. சரிவுக்குக் குறுக்கே தட்டு வெட்டி, தட்டு உள்பக்கம் சாய்ந்திருக்கட்டும். இடையிடையே தண்ணீர் நிற்கக் குழி எடு. ஓரத்தில் கல் கையாலை (மண்ணைத் தாங்கும் கல் சுவர்) இடிந்திருந்தால் அதை முதலில் கட்டு. புவேரேரியா என்ற மூடுபயிர்க் கொடியின் விதையும் தூவிவிடு, மண்ணை மூடிக்கொள்ளும். தட்டுக்குக் கீழே மரச்சீனி நடப்போகிறாயா? கிழங்கு பிடுங்கும்போது மண் இளகும், அதனால் சரிவான பக்கத்தில் வேண்டாம்.

குளச்சல்காரன்:
நான் கேட்டது அமெரிக்கா, பதில் போனது திற்பரப்புக்கு. சரி, தம்பிக்கு அனுப்பிவிட்டேன். முட்டத்துப் படம் கேட்கிறான், ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன்.