ஒரு புள்ளிக்கு 35 ஏக்கரா? தீ ஆராய்ச்சிக்கு நம் அறக்கட்டளைப் பணம் கொடுக்கலாமா, கூடாதா

செக்காலைக்காரன் (காலை 7.10)
நேற்று பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்டதைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குனியில் நாசாவின் தீ வரைபடத்தில் நம் காரைக்குடிக்குத் தெற்கே கண்மாய்ப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்ததாம். ஒரு புள்ளி என்றால் 35 ஏக்கராம். நேரில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் முள் எரிந்த கரிதான் கிடந்ததாம். "ஆகவே செயற்கைக்கோள் பொய் சொல்கிறது. காட்டுத்தீயால் எவ்வளவு கார்பன் போகிறது என்று வானத்திலிருந்து பார்க்கிறேன் என்கிற பெண்ணுக்கு அறக்கட்டளை 16 லட்சம் கொடுத்தால் அது கண்மாயில் கரைத்த புளி." இதற்கு 40 பேர் கைதட்டல் வேறு. எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கணக்கப்பிள்ளை (7.42)
பெயரைச் சொல்லியே எழுதலாம் தம்பி, நான்தான். 41 வருடம் கணக்கு எழுதியவன். வரைபடத்தில் கட்டத்தின் பக்கம் 375 மீட்டர் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். 375-ஐ 375-ஆல் பெருக்கினால் 1,40,625 சதுர மீட்டர். ஏக்கருக்கு 4,047. வகுத்தால் 34.7. நாடா பிடித்து நானே அளந்தேன், எரிந்தது 22 சென்ட். 35 ஏக்கர் எங்கே, 22 சென்ட் எங்கே? நான் கேட்பது இவ்வளவுதான்.

செக்காலைக்காரன் (7.55)
அண்ணே, வகுத்தது சரி. வகுக்க எடுத்ததுதான் தப்பு. அந்தப் புள்ளியை வைப்பது விர்ஸ் என்கிற செயற்கைக்கோள் கருவி. அது மதியம் ஒன்றரை வாக்கில் ஒரு தடவை, நடுராத்திரி தாண்டி ஒன்றரை வாக்கில் ஒரு தடவை தலைக்கு மேலே போகிறது. அந்த நேரத்தில் கட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் தீ எரிந்தாலும் சுற்றியுள்ள தரையைவிடச் சூடு தூக்கலாகத் தெரியும். உடனே கட்டத்தின் நடுவில் புள்ளி வைத்துவிடும். 22 சென்ட் எரிந்தாலும் ஒரு புள்ளிதான், 30 ஏக்கர் எரிந்தாலும் ஒரு புள்ளிதான். இதற்கு முந்தைய மோடிஸ் கருவிக்குக் கட்டம் ஒரு கிலோமீட்டர், அதாவது 247 ஏக்கர். எவ்வளவு எரிந்தது என்று பார்க்க ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இருக்கிறது. தீத்தடம் பார்க்கும் அலைவரிசையில் அதன் கட்டம் 20 மீட்டர், ஏறக்குறைய 10 சென்ட். உங்கள் 22 சென்ட் அதில் ரெண்டு கட்டம்.

கணக்கப்பிள்ளை (8.01)
ஆக 35 ஏக்கர் இல்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

செக்காலைக்காரன் (8.02)
35 ஏக்கர் என்று நான் எப்போது சொன்னேன்?

வளவு_வாசல் (8.10)
ஒரு சந்தேகம். மோடிஸ் என்றால் பிரதமர் பெயரில் விட்டதா? இதிலுமா?

செக்காலைக்காரன் (8.14)
அது 1999-ல் டெர்ரா, 2002-ல் அக்வா என்கிற ரெண்டு செயற்கைக்கோள்களில் ஏற்றிய அமெரிக்கக் கருவி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். தயவுசெய்து அந்தப் பக்கம் இழுக்க வேண்டாம்.

வாத்தியார் (8.30)
ஐயா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தீப்புள்ளி என்றால் என்ன, எரிந்த தடம் என்றால் என்ன, காட்டுத்தீ என்றால் என்ன, இந்த மூன்றையும் முதலில் பிரித்து வைத்துக்கொண்டு பேசினால் நல்லது. தோட்டத்தில் முள் கொளுத்தினாலும் புள்ளி விழும், மலையில் புல் எரிந்தாலும் விழும். தேராதூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் இந்தப் புள்ளிகளை எடுத்து, வன எல்லைக்குள் விழுந்ததா என்று பார்த்துத்தான் மாநிலங்களுக்குச் செய்தி அனுப்புகிறது. நம் கண்மாய்ப் புள்ளி அந்தப் பட்டியலுக்கே போயிருக்காது.

(இதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.)

பர்மா_வீடு (9.05)
எனக்கு ஏக்கரும் தெரியாது, சென்ட்டும் தெரியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்ததால்தான் இந்த ஊருக்கு மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் வந்தது. 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அன்றைய 15 லட்சம்! 300 ஏக்கர் கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு 35 ஏக்கருக்குச் சண்டை போடுகிறோம். வெட்கமாக இல்லையா?

கணக்கப்பிள்ளை (9.11)
அவர் கொடுத்த 300 ஏக்கர் கல் நட்டு அளந்து கொடுத்தது. வானத்திலிருந்து புள்ளி வைத்துக் கொடுத்தது இல்லை. அழகப்பரை இதில் இழுக்க உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்க மாட்டேன், கேட்டால் வருத்தப்படுவாய். 35 ஏக்கருக்குப் பதில் சொல்.

மூட்டக்காரர் (9.48)
கண்மாய்ப் பக்கம் எரிந்தது என் கரி மூட்டம் என்று வாட்ஸப்பில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மூட்டத்தை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். சீமைக்கருவேல் கட்டையை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, அதன்மேல் ஈர மண்ணைக் குழைத்துப் பூசி மூடுகிறோம். தீ உள்ளேதான் இருக்கும், அதுவும் எரியாது, வேகும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கட்டை சாம்பலாகிவிடும், அன்றைக்கு எங்களுக்குச் சோறு இல்லை. அதனால் ராத்திரி முழுக்க ஒரு ஆள் மண்வெட்டியும் குடமுமாகச் சுற்றி வந்து வெடிப்பை அடைப்பான். முதலில் வெள்ளைப் புகை வரும், அது நீலமாக மாறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே மண் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். இதைப் போய் மேலிருந்து எந்தக் கண் பார்க்கும்? அன்றைக்கு எரிந்தது எவனோ வயல் திருத்த முள்ளைக் குவித்துக் கொளுத்தியது.

கணக்கப்பிள்ளை (9.55)
மூட்டத்தைப் பார்க்காத கண்ணுக்கு 16 லட்சம். ஊரில் நாலு மூட்டம் நாலு நாள் புகைகிறது, அது கணக்கில் இல்லை. 22 சென்ட் முள் எரிந்தால் 35 ஏக்கர்.

செக்காலைக்காரன் (10.03)
அண்ணே, நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள், தெரிகிறதா? மூட்டம் தெரியாமல் போவதும், புள்ளியை வைத்துப் பரப்பைச் சொல்ல முடியாததும்தான் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சியே. வானத்துப் படம் ஓசி. நாசா கொடுக்கிறது, ஐரோப்பா கொடுக்கிறது, எவரும் இறக்கிக்கொள்ளலாம். இல்லாதது தரைக் கணக்கு. எரிந்த பரப்பு, அதில் கிடந்த சருகு விறகின் எடை, அதில் எத்தனை பங்கு எரிந்தது, கிலோவுக்கு எவ்வளவு வாயு, இந்த நாலையும் பெருக்கினால்தான் கார்பன். முதலாவதைத்தான் செயற்கைக்கோள் தரும். தைலமரக் காட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் கிடக்கும் சருகை வாரி, அடுப்பில் காயவைத்து எடை போட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ கரியமில வாயு.

கோட்டையூர்_ஆச்சி (10.20)
இரு இரு. ஒரு கிலோ விறகு எரித்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் புகையா? நான் முப்பது வருஷம் விறகடுப்பில் ஊதினவள். ஒரு கட்டு விறகு எரிந்தால் ஒரு பிடி சாம்பல் மிஞ்சும். மீதி எங்கிருந்து வந்தது, வட்டியா?

கணக்கப்பிள்ளை (10.22)
ஆச்சி கேட்டது கேள்வி. முதலைவிட வட்டி சேர்த்து வருகிற அடுப்பை நம் முன்னோர் பர்மாவிலேயே பார்த்திருந்தால் ஊர் திரும்பியிருக்கவே வேண்டாம்.

செக்காலைக்காரன் (10.31)
வட்டி காற்றிலிருந்து வருகிறது ஆச்சி. விறகில் பாதிதான் கார்பன். அது எரியும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிலோ கார்பன் 32 கிலோ ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிலோவாகப் போகிறது. பள்ளிக்கூடப் பாடம் இது.

கோட்டையூர்_ஆச்சி (10.35)
பள்ளிக்கூடம் போகாதவள் என்று சொல்லிக்காட்டுகிறாயாக்கும். சரி.

செக்காலைக்காரன் (10.36)
ஐயோ ஆச்சி, நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பர்மா_வீடு (10.50)
கார்பன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீட்டுத் தூண்கள், உத்தரம், கதவு எல்லாம் பர்மாத் தேக்கு. நூறு வருஷமாக அத்தனை கார்பனையும் பூட்டி வைத்திருக்கிறோம். இதற்கு நமக்கல்லவா பணம் தர வேண்டும்?

கோட்டையூர்_ஆச்சி (10.53)
உங்கள் வீட்டு முகப்புத் தூண் ரெண்டும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. பூட்டிச் சாவியையும் விற்றாயிற்று. நீ பேசாதே.

பர்மா_வீடு (10.54)
அது பங்காளிகள் முடிவு. குடும்ப விஷயத்தைப் பொதுவில் எழுதுவது அழகில்லை ஆச்சி.

கணக்கப்பிள்ளை (11.15)
தூண் கிடக்கட்டும். 16 லட்சத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். அரசு கொடுக்கும் ஆராய்ச்சி உதவித்தொகை ஜேஆர்எஃப் முதல் ரெண்டு வருஷம் மாதம் 37,000. ஆக 8,88,000. மூன்றாம் வருஷம் 42,000 வீதம் 5,04,000. கூட்டினால் 13,92,000. மீதி 2,08,000 எதற்கு? அடுப்பா, தராசா, ஜீப்பா? ரசீது யார் பார்ப்பார்கள்? அரசாங்கம் கொடுக்க வேண்டியதை நாம் ஏன் கொடுக்க வேண்டும்? தேசிய ஆராய்ச்சி நிதியம் என்று 2023-ல் சட்டமே போட்டு, ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்றார்களே, அங்கே போய்க் கேட்கட்டும்.

செக்காலைக்காரன் (11.28)
அந்த 50,000 கோடியில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதையும் படித்திருப்பீர்களே. அரசும் தனியாரும் எல்லாம் சேர்ந்து இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அமெரிக்கா கொடுக்கும் படத்தை நம்பி எத்தனை நாள்? டெர்ரா, அக்வா ரெண்டும் கிழடாகிவிட்டன. கரியமில வாயுவை அளக்கும் ஓசிஓ-2 செயற்கைக்கோளை நிறுத்திவிடலாம் என்று 2025-ல் அவர்கள் பட்ஜெட் முன்மொழிவிலேயே எழுதினார்கள். நாசாவோடு நம் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. இஸ்ரோ பங்கு மட்டும் 788 கோடி. மேகம் தாண்டி ரேடார் அடித்து, 12 நாளைக்கு ஒரு தடவை அதே இடத்தைப் பார்த்து, மரத்தின் கனத்தைக் கணக்கிட உதவும். 788 கோடியில் கண் வாங்கிவிட்டு, அது பார்ப்பது சரியா என்று தரையில் எடை போட 2 லட்சம் இல்லை என்றால் என்ன சொல்ல?

கணக்கப்பிள்ளை (11.34)
788 கோடியிலும் 35 ஏக்கர் 35 ஏக்கர்தானா, இல்லை குறையுமா?

செக்காலைக்காரன் (11.36)
நிசார் தீப்புள்ளியே வைக்காது!

கணக்கப்பிள்ளை (11.37)
அப்போ அதை ஏன் சொன்னாய்?

வளவு_வாசல் (11.50)
பஞ்சாபில் விவசாயிகள் செயற்கைக்கோள் போன பிறகு சாயங்காலம் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று படித்தேன். அது நிஜமா?

செக்காலைக்காரன் (11.58)
2024-ல் நாசா விஞ்ஞானி ஒருவரே அதைச் சுட்டிக்காட்டினார். ஒரே இடத்தில் நிலைத்து நின்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கும் கொரியச் செயற்கைக்கோள் படத்தில், ஒன்றரை மணிக்குப் பிறகு புகை கூடுவது தெரிந்தது. புள்ளி குறைந்ததே தவிரத் தீ குறையவில்லை.

கணக்கப்பிள்ளை (12.02)
அடடே. ஒரு பக்கம் எரியாததை எரிந்தது என்கிறது, இன்னொரு பக்கம் எரிந்ததை இல்லை என்கிறது. இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் என் முதலாளி அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

வாத்தியார் (12.20)
2023-ல் கனடா எரிந்தபோது மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய 647 மில்லியன் டன் கார்பன் போனது என்று செயற்கைக்கோள் அளந்த கார்பன் மோனாக்சைடை வைத்துக் கணித்தார்கள். நிலக்கரி, எண்ணெய் எரித்து ஒரு வருஷத்தில் அதைவிட அதிகம் விடுபவை சீனா, அமெரிக்கா, இந்தியா மட்டும். புள்ளியை எண்ணாமல் புகையையே அளக்கும் வழி அது. அந்தப் பேச்சுக்கு வரலாமா?

கணக்கப்பிள்ளை (12.26)
கனடாவில் நான் நாடா பிடிக்கவில்லை வாத்தியாரே. கண்மாய்க்குப் பிடித்தேன்.

செக்காலைக்காரன் (12.31)
நாடா பிடிப்பதில் உங்களுக்கு இருக்கிற அக்கறை போன வருஷம் பழைய மாணவர் விருந்தில் இருந்திருக்கலாம். 180 இலைக்குக் காசு வசூலித்தோம். பந்தியில் விழுந்தது 150 இலை. மீதி 30 இலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

கணக்கப்பிள்ளை (12.33)
அப்படி வா வழிக்கு. இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தாயா? 22 பேர் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை, சமையல்காரர் முன்பணத்தைத் திருப்பவில்லை, மீதி 8 இலை உன் மாமனார் வீட்டுக்குக் கேரியரில் போனது. கையெழுத்தோடு சீட்டு இருக்கிறது. படம் எடுத்துப் போடட்டுமா?

கோட்டையூர்_ஆச்சி (12.40)
போடு. அந்த ஐயர் வைத்த பால் பணியாரமே எனக்கு வரவில்லை.

செக்காலைக்காரன் (12.44)
கேரியரில் போனது மூன்று சாப்பாடு. எட்டு இல்லை.

கணக்கப்பிள்ளை (12.45)
மூன்றை எட்டு என்றால் உனக்கு வலிக்கிறது. 22 சென்ட்டை 35 ஏக்கர் என்றால் எனக்கு வலிக்காதா?

மூட்டக்காரர் (1.10)
சனிக்கிழமை மூட்டம் பிரிக்கிறோம். பிரிக்கும்போது காற்று பட்டால் குப்பென்று பிடிக்கும், தண்ணீர் வண்டி சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் தராசோடு வரட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் நாடாவோடு வந்து குறுக்கே நிற்காதீர்கள்.

கணக்கப்பிள்ளை (1.14)
எத்தனை மணிக்கு? ஒன்றரைக்கு முன்னாலா, பின்னாலா?