கத்தியோடு மாநிலம் மாறுகிறேன், போலீஸ் நிறுத்தினால் பிரச்சினையா? (அவசரம்)

கடல்மீன்77
எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை வீடு மாறுகிறோம், சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாகக் கேட்கிறேன். என்னிடம் இரண்டு கத்தி இருக்கிறது. இங்கே இத்தனை வருஷமாக இடுப்பில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அங்கே போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். காரில் எடுத்துப் போகலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வடகரையான்
"இங்கே" எங்கே, "அங்கே" எங்கே? அமெரிக்காவில் கத்திச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

நெல்லைக்காரன்
நான் கேள்விப்பட்ட விதி ஒன்றுதான். அலகு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் எந்த மாநிலத்திலும் தொட மாட்டார்கள். அதை வைத்து அளந்து பாருங்கள்.

வடகரையான்
உள்ளங்கை விதி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை அண்ணா. மத்திய அரசுக் கட்டடத்துக்குள் போக 2.5 அங்குலத்துக்குக் குறைந்த மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு, அதுதான் நாடு முழுவதற்கும் பொருந்தும். அதுவும் அந்தக் கட்டடங்களுக்கு மட்டும். கொலராடோவில் மறைத்து வைக்க 3.5 அங்குலம் வரை, நியூயார்க் நகரத்தில் 4 அங்குலம் தொட்டாலே தவறு. உள்ளங்கையை நம்பிப் போகாதீர்கள்.

சட்டப்புள்ளி (2011 முதல் உறுப்பினர்)
இந்தக் கேள்வி இங்கே பத்துத் தடவையாவது வந்திருக்கிறது. தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் ஆயுதம் வைத்துக்கொள்ளும் பொறுப்பை எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குப் புரியவில்லை. எந்த மாநிலம், அலகு எத்தனை அங்குலம், மடங்குமா மடங்காதா, எப்படித் திறக்கும், உடம்பிலா வண்டியிலா. இந்த ஐந்தும் இல்லாமல் இனி பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கடல்மீன்77
மன்னிக்கவும். ஹூஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ். ஒன்று கால்வெஸ்டனில் மீன் பிடிக்கப் போகும்போது வைத்திருப்பது, உறையோடு இருக்கும், அலகு 7 அங்குலம். இன்னொன்று மடக்குவது, சின்னது. லாரி ஆள் வந்துவிட்டார், அப்புறம் வருகிறேன்.

வடகரையான்
மடக்குவது கையால் திறப்பதா, பட்டன் அழுத்தினால் திறப்பதா? இதுதான் முக்கியம்.

குமுதவல்லி
தம்பி ஹூஸ்டன் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். நான் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகிறேன், வீட்டிலிருந்து 8 அங்குலக் கத்தியை எடுத்துப் போவது வழக்கம். டெக்சாஸில் இது தவறா?

சட்டப்புள்ளி
சிக்கல் வரலாம் அம்மா. 2017 செப்டம்பர் 1-இல் டெக்சாஸ் சட்டம் மாறியது. அதற்கு முன் போவி என்கிற பெரிய மடங்காத கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போகவே முடியாது. இப்போது போகலாம், ஆனால் 5.5 அங்குலத்துக்கு மேல் அலகு இருந்தால் சில இடங்களுக்குள் கூடாது. பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை, பொழுதுபோக்குப் பூங்கா, மது விற்பனையே பெரும்பகுதி வருமானமான கடை. 2017 பட்டியலில் வழிபாட்டுத் தலமும் இருந்தது, கோயிலும் அதில் சேர்த்தி; இப்போதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் கத்திக்கு என்று அந்த வரையறையில் விலக்கு இல்லை.

நெல்லைக்காரன்
காய் நறுக்குகிற அம்மாவைப் பிடிக்கவா சட்டம் போட்டார்கள்? நம் ஊரில் 9 அங்குலம் வரை உரிமமே வேண்டாம். வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்கு என்றால் அதற்கு மேலும் விலக்கு உண்டு. அப்படித்தானே அரிவாளை எல்லோரும் வைத்திருக்கிறார்கள்? சட்டம் என்றால் அந்த அறிவு இருக்க வேண்டும்.

சட்டப்புள்ளி
இந்திய ஆயுத விதி ஹூஸ்டனில் செல்லாது. அங்கேயும் அரிவாளைத் தோட்டத்தில் வைத்திருப்பது வேறு, பைக் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பது வேறு. தெரியாமல் எழுதி ஒரு அம்மாவை மாட்டிவிடாதீர்கள்.

நெல்லைக்காரன்
நான் யாரையும் மாட்டிவிடவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அரிவாள் இருக்கிறது, ஒருநாளும் அது ஆயுதம் ஆனதில்லை. பொருளைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள் என்கிறேன்.

வடகரையான்
அக்கா, கோயில் மடப்பள்ளியிலேயே கத்தி வைத்திருக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் 5 அங்குலக் கத்தி போதும், வெண்டைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் அது தாராளம். அரிவாள் விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே? தம்பி ஞாயிறு கிளம்புகிறார்.

கடல்மீன், உங்களுக்கு. டெக்சாஸ் பழக்கத்தை எல்லைக்கு இந்தப் பக்கமே விட்டுவிடுங்கள். கலிபோர்னியாவில் மடங்காத கத்தியை உடம்பில் மறைத்து வைத்தால் குற்றம். குத்துவதற்குப் பயன்படக்கூடியது என்றாலே போதும், குத்தும் எண்ணம் இருந்ததா என்று பார்க்க மாட்டார்கள். 2000-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. மீன் கத்தி என்றாலும் சட்டைக்குள் போனால் கதை முடிந்தது. உறையில் போட்டு இடுப்பில் வெளியே தெரியத் தொங்கவிட்டால் மாநிலச் சட்டத்தில் சரி.

ஆனால் நீங்கள் போவது லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த நகரத்துக்குத் தனி விதி இருக்கிறது, 3 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட அலகை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பொது இடத்தில் போகக் கூடாது. மறைத்தால் மாநிலம் பிடிக்கும், காட்டினால் நகரம் பிடிக்கும். மீன் பிடிக்கப் போகும்போதும் திரும்பும்போதும் நகர விதியில் விலக்கு உண்டு. டெக்சாஸில் 2015-லிருந்து ஊருக்கு ஒரு கத்தி விதி போட முடியாது, அரிசோனாவில் 2010-லிருந்தே. அதனால்தான் உங்களுக்கு இது பழக்கமில்லை.

பயணத்துக்கு உறையோடு பெட்டியில் பூட்டி டிக்கியில் வையுங்கள். உடம்பின் மேல் மறைப்பதுதான் குற்றம், டிக்கி உடம்பு இல்லை.

பனைமரத்தான்
விசாவில் இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்கிறார்கள். வழக்கு தள்ளுபடி ஆனாலும் கைது கைதுதான், ஆம் என்றுதான் எழுத வேண்டும். என் அறைத் தோழர் ஒருவர் இதனால் நான்கு மாதம் சென்னையில் காத்துக் கிடந்தார். ஒரு கத்திக்காக அந்த அவஸ்தை வேண்டாம் தம்பி.

நெல்லைக்காரன்
சமையல் பாத்திரத்தோடு கலந்து அட்டைப்பெட்டியில் போட்டுவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

கடல்மீன்77
இப்போதுதான் பார்த்தேன். சின்னது பட்டன் கத்திதான். அலகு 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கே கடையில் வாங்கியது, அதனால் சொல்லத் தோன்றவில்லை.

வடகரையான்
இதைத்தான் முதலிலேயே கேட்டேன். டெக்சாஸில் 2013-லிருந்து பட்டன் கத்தி தவறில்லை, கடையில் விற்பார்கள். கலிபோர்னியாவில் 2 அங்குலம் தொட்டால் உடம்பில் வைக்கக் கூடாது, பொது இடத்தில் வண்டியில் ஆள் உட்காரும் பகுதியில் இருந்தாலே குற்றம். அங்கே போய் யாருக்காவது கொடுப்பதும் விற்பதும்கூடக் குற்றம். கொடுப்பதென்றால் ஹூஸ்டனிலேயே கொடுத்துவிடுங்கள். கதவுப் பையில் கிடக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சட்டப்புள்ளி
மசாசூசெட்ஸில் 2024 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் பட்டன் கத்தித் தடையே செல்லாது என்றது. அதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் செல்லாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அந்த மாநிலத்துக்கு மட்டும்.

குமுதவல்லி
வடகரையான் தம்பிக்கு நன்றி. நாளைக்கே கோயிலில் பேசுகிறேன். அரிவாள்மனையை எடுத்துப் போனால் அதற்கும் இதே கணக்கா?

கடல்மீன்77
வந்து சேர்ந்தோம். பட்டன் கத்தி கதவுப் பையில்தான் இருந்தது, கிளம்பும் முன்பே ஹூஸ்டனில் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். மீன் கத்தி டிக்கியில் வந்தது. கலிபோர்னியா எல்லையில் பிளைத் என்ற ஊரில் ஒரு சாவடியில் நிறுத்தி, பழம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். எல்லோருக்கும் நன்றி.

பனைமரத்தான்
நல்லது தம்பி. அக்காவின் அரிவாள்மனைக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.