18 ஆயிரத்துக்குள் மலை ஏறும் சைக்கிள்: கியரா, டிஸ்க்கா, சஸ்பென்ஷனா?

அடிவாரத்தான்:

வணக்கம். சேலம், கன்னங்குறிச்சி பக்கம். வயது 36, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை 84 கிலோ. எடையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சைக்கிள் வாங்க வந்துவிட்டு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை, இப்போது டாக்டர் பயமுறுத்தியதில் ஆசை வந்திருக்கிறது.

வாரநாட்களில் காலையில் மூக்கனேரி பக்கம் மண்பாதையில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையில் முடிந்த வளைவு வரை ஏறிவிட்டுத் திரும்புவது. ஒரு வருடத்துக்குள் 20 கொண்டை ஊசி வளைவையும் முடித்து மேலே ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் லட்சியம்.

கையில் இருப்பது 18 ஆயிரம், ஹெல்மெட்டும் அதற்குள்தான். நேற்று மூன்று கடை ஏறி இறங்கினேன். முதலில் பார்த்தது 15,500: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், இரண்டு டிஸ்க், 21 கியர், பார்க்க எருமை மாதிரி கம்பீரமாக இருக்கிறது. இரண்டாவது 16,200: அலுமினிய ஃப்ரேம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க், 21 கியர், 27.5 அங்குலச் சக்கரம். மூன்றாவது 14,000: சஸ்பென்ஷனே இல்லை, டிஸ்க்கும் இல்லை, ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக், மெலிந்த டயர், அதிலும் 21 கியர்தான். "மலைக்குன்னா முதல் வண்டிதான் சார்" என்று எல்லாக் கடையிலும் ஒரே குரலில் சொல்கிறார்கள். என் பையனும் அதையேதான் சொல்கிறான். என்ன செய்ய?

கோட்டம்எடுப்பவன்:

முதல் வண்டியை மறந்துவிடுங்கள். பையனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பின்பக்க சஸ்பென்ஷன் நல்லதாக வேண்டுமென்றால் லட்சத்தில்தான் பேச வேண்டும். 15 ஆயிரத்தில் வருவது ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். மேட்டில் நீங்கள் மிதிக்க மிதிக்க அது அமுங்கி எழும், உங்கள் காலில் இருக்கிற பலத்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிட்டுவிடும். இரும்பு ஃப்ரேமும் சேர்ந்து வண்டி 18 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு போவதற்கு ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டுக்காவது உதவும்.

அப்புறம் அந்த 21 கியர். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21, அதில் பாதி ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட அதே கணக்குதான். நீங்கள் கேட்க வேண்டியது எத்தனை கியர் என்று இல்லை, மிகவும் லேசான கியர் எவ்வளவு லேசு என்று. முன்னால் இருப்பதிலேயே சின்ன சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், பின்னால் இருப்பதிலேயே பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், முன்னதைப் பின்னதால் வகுங்கள். 24-ம் 28-ம் என்றால் 0.86 வரும். அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுகூட சுற்றாது, வண்டி ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகரும். நம் அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். வகுத்து வருவது 1-ஐத் தொட்டாலே 84 கிலோவுக்கு ஏற்காடு வேண்டாம், நாலாவது வளைவிலேயே இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

இந்த விலையில் கியர் பாகங்கள் பெரும்பாலும் ஷிமானோ கம்பெனியின் டூர்னிதான் இருக்கும், அது அவர்களுடைய வரிசையிலேயே கீழ்ப்படி, அதற்கு மேல் ஆல்டஸ், அசேரா, அலிவியோ, தியோரே என்று போகும். டூர்னி மோசமில்லை. கேபிளைச் சரியாக இழுத்துக் கட்டியிருந்தால் ஒழுங்காக மாறும்.

எனக்குப் பயம் பின் அச்சைப் பற்றித்தான். பின்னால் 7 கியர் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல், அதாவது பல்சக்கரக் கொத்து சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பின் மேல் மரையாகத் திருகியிருக்கும், அதனால் வலப்பக்க பால்ரஸ் (பேரிங்) உள்ளே தள்ளிப்போய் அச்சின் முனை தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். என் எடை 90, இரண்டு வருடத்தில் இரண்டு அச்சு வளைந்தது. பின்னால் 8 கியரோ அதற்கு மேலோ போனால் பொதுவாக கேசட், அதாவது திருகாமல் ஹப்பில் செருகுகிற பல்சக்கரக் கொத்து வரும், அதில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் காசுக்குப் புதிதில் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஃப்ரீவீலே போதும், பள்ளத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி இறங்காமல் பெடலில் எழுந்து நில்லுங்கள்.

செயின்கவர்:

ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய ஸ்டாக்கில் பழைய விலை ஒட்டியிருந்தால் அதைக் காட்டிப் பேரம் பேசுங்கள்.

காப்பித்தோட்டம்:

எல்லாரும் ஏறுவதையே பேசுகிறீர்கள், ஏறினவர் இறங்க வேண்டாமா? நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள், சைக்கிளில் அந்தப் பாதையை எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வி-பிரேக் மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 20 வளைவும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும், உள்ளே டியூப் வெடித்தாலும் ஆச்சரியமில்லை. மழையில் ரிம் நனைந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதனால் உங்களுக்கு டிஸ்க், கேபிளில் இழுக்கிறதே போதும். எந்த பிரேக்காக இருந்தாலும் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிற பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதை மூக்கனேரிக் கரையிலேயே மறந்துவிட்டு வாருங்கள். எந்த லீவர் முன்சக்கரத்துக்கு என்பதையும் கடையிலேயே பிடித்துப் பாருங்கள்.

டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. ஒரு கடையில் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று டிஸ்க் மேலேயும் தெளித்துவிட்டார்கள், பிரேக் பேட் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் நானே விட்டுக்கொள்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் யோசித்தீர்களா அண்ணா? வாங்கி ஆறு மாதம் துணி காயப்போட்டுவிட்டு விற்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் காசுக்கு 8 கியர் கேசட்டே கிடைக்கலாம். போகும்போது ஒரு இரும்பு ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக உட்கார வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃப்ரேம் பற்றவைத்த இடத்தில் முடி மாதிரி கோடு தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அடிவாரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. செகண்ட் ஹேண்டில் கிடைத்தது எல்லாம் ஆறடி ஆளுக்கான பெரிய ஃப்ரேம். இரண்டாவது கடைக்குப் போய் உட்கார்ந்து பல்லை எண்ணினேன், கடைப்பையன் ஒரு மாதிரி பார்த்தான். முன்னால் 24, பின்னால் 28. மூன்றாவது வண்டி முன்னால் 28, பின்னால் 28, அதனால் அது போயிற்று. இரண்டாவதில் முன் சஸ்பென்ஷன் தண்டம் என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? 27.5 சக்கரத்துக்கு டியூப் கிடைக்குமா, 26 வாங்கிவிடவா?

கோட்டம்எடுப்பவன்:

முன் சஸ்பென்ஷன் தண்டம் இல்லை, ஆனால் அதற்காகக் காசு அதிகம் கொடுக்காதீர்கள். இந்த விலையில் உள்ளே ஸ்பிரிங்தான், முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் மட்டுமே இரண்டரை கிலோ வரும். லாக் இருந்தால் மலை ஏறும்போது பூட்டிவிடுங்கள். மண்பாதையில் நிஜமான சஸ்பென்ஷன் உங்கள் டயர்தான். கடையில் கல்லு மாதிரி காற்றடித்துத் தருவார்கள், டயர் ஓரத்தில் எழுதியிருக்கிற அளவைப் பார்த்து, 2 அங்குல டயர் என்றால் உங்கள் எடைக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ வரை வைத்துப் பாருங்கள், ஏரிக்கரை வேறு ஏரிக்கரையாக இருக்கும். வால்வும் பெரும்பாலும் பைக்கில் இருக்கிற மாதிரியேதான் வரும், பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம், பழைய வால்டியூப் தொல்லை கிடையாது.

27.5-க்கு சேலத்தில் டியூப் கிடைக்கும், இருந்தாலும் ஒன்றை சீட்டுக்குக் கீழே பையில் போட்டு வையுங்கள். 26 என்றால் எங்கும் கிடைக்கும் என்று நினைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, டயரைப் பொறுத்தவரை 26 என்று எழுதியதெல்லாம் ஒரே 26 இல்லை. மலை சைக்கிளின் 26-க்கு ரிம் அளவு 559 மி.மீ., சாதா சைக்கிளின் 26 x 1 3/8 என்பது 590. ஒன்று மற்றதில் ஏறாது. டயர் ஓரத்தில் 54-559 மாதிரி ஓர் எண் இருக்கும், அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். பின் ஃப்ரீவீலை 14-34 (சின்னதில் 14 பல், பெரியதில் 34) ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும். அப்போது 24-ஐ 34-ஆல் வகுத்தால் 0.71. செயினைத் தள்ளுகிற அந்தப் பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா, செயினில் கண்ணி சேர்க்க வேண்டுமா என்று மட்டும் பார்த்துவிடட்டும். அளவுக்கு, இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் ஃப்ரேமின் மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவில் மூன்று விரலாவது இடம் வேண்டும். கூச்சப்படாமல் நின்று பாருங்கள்.

அடிவாரத்தான்:

வாங்கிவிட்டேன்! 16,200-ஐ 15,400 ஆக்கி, 14-34 ஃப்ரீவீல் போட 650 வாங்கிக்கொண்டார். மிச்சத்தில் ஹெல்மெட், பம்ப், ஒரு டியூப், பின்னால் சிவப்பு லைட். பையனுக்கு வருத்தம்தான், அந்த எருமை வண்டியை இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஐந்தாவது வளைவு வரை இறங்காமல் ஏறினேன், நடந்து போகிற வேகம்தான், ஒரு பாட்டி கிட்டத்தட்ட என்னை முந்திவிட்டார். ஆறாவதில் நாக்கு வெளியே வந்துவிட்டது, திரும்பிவிட்டேன். இறங்கும்போது காப்பித்தோட்டம் அக்கா சொன்னபடிதான் பிரேக் பிடித்தேன். ஒரே ஒரு சந்தேகம், பின்சக்கரத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது, உட்கார்ந்து மிதித்தால் மட்டும்.

கோட்டம்எடுப்பவன்:

போக்ஸ் கம்பி தளர்ந்திருக்கும். புது வண்டியில் முதல் நூறு கிலோமீட்டருக்குள் அது சகஜம். அடுத்த ஞாயிறுக்கு முன்னால் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிடுங்கள், அப்படியே ஓட்டினால் கம்பி ஒவ்வொன்றாக அறும்.

காப்பித்தோட்டம்:

யார் அண்ணா உங்களுக்கு அக்கா, எனக்கு 29. ஏழாவது வளைவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.