கந்தளாய்க் குளத்துக்குக் கீழ இருந்த ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா?

வெள்ளவத்தையிலிருந்து:
வேலை மாத்தம் கிடைச்சு திருகோணமலைப் பக்கம் கந்தளாயில ரெண்டு வருசம் இருந்தன். முந்தி ஒருக்கா கட்டு உடைஞ்சு சனத்தக் கொண்டுபோன குளம், அதப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நான் வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரி கார்த்திகை மழை தொடங்கினா ஐடென்டி காட், பேர்த் சேட்டிபிக்கட் எல்லாத்தையும் சொப்பிங் பேக்கில சுத்தித் தலகாணிக்குக் கீழ வச்சுத்தான் படுப்பா. ஒரு நாள் கரண்ட் இல்ல, ரெண்டு மணி இருக்கும், எழும்பி வந்தா அவ விறாந்தைச் சீமெந்தில காத வச்சுப் படுத்திருக்கிறா. என்ன அன்ரி எண்டன். "சத்தம் போடாத தம்பி, நிலம் அதிருதோ எண்டு பாக்கிறன்" எண்டா. நானும் பக்கத்தில காத வச்சன். மழையும் தவளையும் தான் கேட்டது. இப்ப இங்க விடிய முதல் ட்ரெயின் போகேக்க கட்டில் அதிர்ந்தா நான் செருப்பத் தேடுறன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
காத வச்சா ஒண்ணும் தெரியாதுங்க, உடைஞ்ச குளக்கட்டை எப்பவோ திரும்பக் கட்டிட்டாங்க. நான் பயந்தது ஆனைக்குத்தான், ஹபரண ரோட்ல ஒருக்கா பைக்குக்கு முன்னுக்கு வந்து நின்னுச்சு. அங்க வேலைக்குப் போறவங்க கேளுங்க, பொழுது பட்டா பைக் எடுக்காதீங்க, ஆனை நின்னா ஹோன் அடிக்காதீங்க, லைட்ட அடிச்சு அடிச்சுக் காட்டாதீங்க, தூரத்துலயே நின்னுட்டு அது போனப்புறம் போங்க, குளத்துல ஊர்க்காரங்க குளிக்கிற எடத்த விட்டு எறங்காதீங்க முதலை இருக்கு, மழை காலத்துல மட்டும் குளத்துல ஒரு கண் வச்சா போதும்.

திருகோணமலை, இப்ப பம்பலப்பிட்டி:
மேல எழுதினவர் கோவிக்கக் கூடாது, மழை காலம் மட்டும் எண்டு சொல்லாதீங்கோ. கட்டு உடைஞ்சது 1986 ஏப்ரல் 20, விடியப்புறம். வருசம் பிறந்து ஒரு கிழமை கூட இல்ல. எனக்கு 9 வயசு. அப்பா என்னைத் தூக்கிக் கூரையில போட்டது ஞாபகம், அதுக்குப் பிறகு விடிஞ்சது தான் ஞாபகம். எங்கட பலகார டின் வேலியில கொழுவிக் கிடந்தது, மூடி கூடத் திறக்கேல்ல. அம்மா அதுக்குள்ள இருந்த முறுக்க எடுத்து அங்க நிண்ட பிள்ளையள் எல்லாருக்கும் குடுத்தா, குடுக்கேக்க எண்ணிக்கொண்டே வந்தா, ஒரு பிள்ளை குறைஞ்சது. நூறு பேருக்கு மேல போயிட்டினம். அந்த அன்ரி அதிருதோ எண்டு பாத்தது சும்மா இல்ல. தம்பி, அவவின்ர வீடு எந்தப் பக்கம்? எங்களுக்குத் தெரிஞ்சவவா இருக்கலாம்.