வெளிநாட்டு வீட்டுச் செலவும் ஊர்க் கணக்கும்: உங்கள் அனுபவம்?

மியூனிக்வாசி:
யூரோ 90 ரூபாயாக இருந்த சமயம் அப்பா வந்திருந்தார். எல்லா பில்லையும் பெருக்கி டைரியில் எழுதுவார். வாடகை, ஹீட்டிங் எல்லாம் வாய் திறக்காமல் எழுதியவர், ஒலிபரப்புக் கட்டணம் 18.36 யூரோ என்றதும் பேனாவை மூடிவிட்டார். "டிவியே இல்லையேடா, எதுக்குக் கட்டற?" டிவி இருக்கோ இல்லையோ, வீட்டுக்கு வீடு கட்டியாக வேண்டும் என்றேன். நம்பவில்லை. மறுநாள் மரியன்பிளாட்ஸில் காபி, 3.80. "342 ரூபாய்" என்று சொல்லி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை என் பக்கம் தள்ளினார். ஊர் திரும்பும்வரை வெளியே காபி குடிக்கவே இல்லை. இன்னும் உறுத்துகிறது.

கராமாக்காரன்:
உங்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் காசில்லாமல் படிப்பதை அப்பா டைரியில் எழுதினாரா? துபாயில் வருமான வரி இல்லை என்று ஊரே பொறாமைப்படுகிறது. ஸ்கூல் ஃபீஸ் அதையும் சேர்த்துக் கறந்துவிடும். மச்சினன் வந்தபோது கரண்ட் பில்லைப் பார்த்து அரண்டுபோனான். வருட வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக்கு ஹவுசிங் ஃபீ, மாதத் தவணையாக அதே பில்லில்தான் ஏறும். சொன்னால் கேட்டால்தானே! "கரண்டைக் குறைங்க அத்தான்" என்று ராத்திரி எழுந்து ஏசியை அணைத்துவிட்டான். ஆகஸ்ட் மாதம்!

கணக்கு வாத்தியார்:
இருவர் ஒப்பீடும் தப்பு. நியூஜெர்சியில் இருக்கும் தங்கை அரிசி மூட்டை விலை சொல்லி அழுவாள், என் கதை அவ்வளவுதான். ரூபாயில் பெருக்குவதை முதலில் நிறுத்துங்கள். மொத்தச் செலவில் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வில் நம் நகரங்களில் சுமார் 40 சதவீதம், கிராமங்களில் 47. அமெரிக்காவில் 13 அளவில்தான்; ஆனால் வீட்டுக்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம், ஊரில் அப்பாவுக்குச் சொந்த வீடாக இருந்தால் வாடகை என்ற வரியே அவர் கணக்கில் வராது. இலவச மின்சாரம், ரேஷன் அரிசி, இதற்கெல்லாம் ஒரு விலை போட்டுச் சேர்த்த பிறகு ஒப்பிடுங்கள். எக்செல் ஷீட் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

உட்லண்ட்ஸ் அம்மா:
ஷீட் யாரும் கேட்கலையே சார். சரி, இதை எந்தக் கட்டத்தில் போடுவது? சிங்கப்பூரில் வீட்டில் சின்னப் பிள்ளையோ வயதானவரோ இருந்தால் பணிப்பெண் வைத்திருப்பதற்கு மாதாமாதம் கட்டும் லெவி என்ற வரியில் சலுகை உண்டு. பையனுக்கு 16 வயதானதும் எங்களுக்கு 60 வெள்ளி 300 ஆகிவிட்டது. அப்போது திருச்சியிலிருந்து அக்கா வந்திருந்தாள். "சம்பளம் அந்தப் பொண்ணுக்கு, சரி. இது யாருக்குடி?" அரசாங்கத்துக்கு என்றேன்.

"ஏன், அரசாங்கம் வந்து பாத்திரம் கழுவுதா?"